துணிக்குக் கஞ்சி போடுவது: மாவு வெந்தால்தான் விறைப்பு

முதன்முதலாக நானே கஞ்சி போட்ட துணி ஒரு கறுப்புப் பருத்திச் சட்டை. மாவைத் தண்ணீரில் கரைத்தேன், சட்டையை முக்கினேன், பிழிந்து வெயிலில் போட்டேன். மாலையில் எடுத்துப் பார்த்தால் தோள் முழுக்கச் சாம்பல் பூசினாற்போல் வெள்ளை. உதறினால் மாவு பறந்தது. சட்டையோ கொஞ்சமும் விறைக்காமல் துவண்டு கிடந்தது. மாவு போதவில்லை போல என்று அடுத்த முறை இரண்டு மடங்கு போட்டேன். வெள்ளைதான் இரண்டு மடங்கானது.

தப்பு அளவில் இல்லை. மாவை நான் வேகவைக்கவே இல்லை. கஞ்சி போடுவது என்றால் துணியில் மாவை ஏற்றுவது என்று நினைத்திருந்தேன். மாவு வேறு, கஞ்சி வேறு. மாவு எப்போது கஞ்சியாகிறது, கஞ்சி எப்போது விறைப்பாக மாறுகிறது என்ற இரண்டும் புரிந்துவிட்டால், எந்த அளவையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. துணி ஏன் திட்டுத் திட்டாக வெளுக்கிறது, இஸ்திரிப் பெட்டியில் ஏன் ஒட்டுகிறது என்பதெல்லாம் உங்களுக்கே பிடிபட்டுவிடும். அதனால் முதலில் மாவுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

மணி உடைய வேண்டும்

செடிகள் தாங்கள் தயாரிக்கும் சர்க்கரையைப் பின்னால் பயன்படுத்திக்கொள்ள ஸ்டார்ச்சாகச் சேமித்து வைக்கின்றன. குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோக்கப்பட்டு, இறுக்கமாக அடுக்கப்பட்டு, நுண்ணிய மணிகளாக இருக்கும். அரிசியின் ஸ்டார்ச் மணி ஏறக்குறைய 5 மைக்ரான். ஒரு மில்லிமீட்டருக்குள் 200 மணிகளை வரிசையாக நிறுத்தலாம். மக்காச்சோளத்தின் மணி அதைவிடச் சில மடங்கு பெரியது. உருளைக்கிழங்கின் மணி 100 மைக்ரான் வரைகூட வளரும்.

இந்த மணி பச்சைத் தண்ணீரில் கரையாது. கரைந்த மாதிரி பால்போலத் தெரியும், அவ்வளவுதான். பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் அடியில் போய்ப் படிந்துவிடும். என் கறுப்புச் சட்டையில் ஒட்டியிருந்தது இந்த உடையாத மணிகள்தான். மணல் ஒட்டிய மாதிரி ஒட்டியிருந்தன, உதறியதும் பறந்தன.

தண்ணீரோடு சேர்த்துச் சூடாக்கும்போதுதான் கதை மாறுகிறது. ஏறக்குறைய 60 முதல் 75 டிகிரி செல்சியஸுக்குள் மணிகள் தண்ணீரை உறிஞ்சிப் பல மடங்கு உப்பி, கடைசியில் உடைகின்றன. உள்ளே அடுக்கியிருந்த சங்கிலிகள் அவிழ்ந்து தண்ணீரில் பரவுகின்றன. வெள்ளையாக இருந்தது ஓரளவு தெளிந்து, வழவழப்பாகிறது. இதுதான் கஞ்சி. உருளைக்கிழங்கு, மரவள்ளி ஸ்டார்ச் கொஞ்சம் குறைந்த சூட்டிலேயே வெந்துவிடும். மக்காச்சோளத்துக்கும் அரிசிக்கும் சூடு கூடுதலாக வேண்டும்.

அப்புறம் துணி காயும்போது இரண்டாவது மாற்றம் நடக்கிறது. தண்ணீர் போகப்போக, அவிழ்ந்த சங்கிலிகள் ஒன்றையொன்று நெருங்கிப் பிடித்துக்கொண்டு மெல்லிய படலமாகின்றன. இந்தப் படலம் பருத்தி இழையையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் பருத்தியும் ஸ்டார்ச்சும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பருத்தியின் செல்லுலோஸும் குளுக்கோஸால் ஆன சங்கிலிதான். கோக்கப்பட்ட விதம் மட்டும் வேறு. துணியைக் கசக்கும்போது நூல்கள் ஒன்றின்மேல் ஒன்று நழுவி வளைவதால்தான் சுருக்கம் விழுகிறது. படலம் நூலுக்கும் நூலுக்கும் நடுவே பாலம்போட்டு அந்த நழுவலைத் தடுக்கிறது. நாம் மொடமொடப்பு என்று சொல்வது இந்தப் பாலங்களைத்தான். அழுக்கும் நூலுக்குள் இறங்காமல் படலத்தின் மேலேயே தங்கிவிடும். அடுத்த சலவையில் படலம் கழன்றுபோகும்போது அழுக்கையும் கூட்டிக்கொண்டு போகும். கஞ்சி போட்ட சட்டையின் கழுத்துப்பட்டை எளிதாக வெளுப்பதற்கு இதுவே காரணம்.

எந்தத் துணிக்குப் போடலாம்

பருத்திக்கும் லினனுக்கும் தயங்காமல் போடலாம். பாலியஸ்டருக்குப் போட்டுப் பயனில்லை. சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் ஈரத்தை வாங்கி வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. தண்ணீரையே உள்ளே விடாத நூல் கஞ்சியை எப்படி வாங்கும்? மேலாகப் படிந்து, காய்ந்து, உரிந்து விழும். பாதிப் பருத்தி கலந்த துணியில் பாதி விறைப்பு கிடைக்கும். பட்டும் கம்பளியும் புரத நூல்கள், அவற்றின் அழகே அந்தத் துவளல்தான், விட்டுவிடுங்கள். துண்டு, உள்ளாடை, குழந்தைத் துணி இவற்றுக்கும் வேண்டாம். ஈரத்தை உறிஞ்ச வேண்டிய துணியின் மேல் படலம் போட்டு அடைப்பதில் அர்த்தமில்லை, தோலும் உரசிச் சிவக்கும்.

புதுத்துணி என்றால் முதலில் ஒரு முறையாவது நன்றாகத் துவைத்துவிடுங்கள். நெசவின்போது உராய்வில் அறுந்துவிடாமல் இருக்கப் பாவு நூலுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கு, பசை ஏற்றுவது வழக்கம். அதில் மிச்சம் இருந்தாலோ, கடைக்கு வருமுன் மெருகுக்காக வேறு ஏதாவது பூசியிருந்தாலோ, நம் கஞ்சி சீராக இறங்காது. துணி மென்மையாக்கும் திரவம் போட்டு அலசிய துணியிலும் இதே சிக்கல்தான். அந்தத் திரவம் நூலை வழுக்க வைக்கிறது, கஞ்சி நழுவாமல் பிடிக்கிறது. ஒரே துணிக்கு இரண்டும் ஒத்துவராது.

காய்ச்சுவது

எதைக் காய்ச்சுவது? சோறு வடித்த கஞ்சி இருந்தால் அதுவே போதும், அது ஏற்கெனவே வெந்தது. ஒரே சிரமம், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு திடத்தில் இருக்கும். மெல்லிய துணியில் வடிகட்டி, விரலில் தொட்டால் லேசாக வழுக்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டுக்கொள்ளுங்கள். பருக்கை ஒன்றுகூடத் தப்பக் கூடாது. உப்புப் போட்டு வேகவைத்த கஞ்சியாக இருந்தால் வேண்டாம். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து விறைப்பைத் தளர்த்தும்.

ஆரம்பத்தில் பழகுவதற்கு நான் சொல்வது கார்ன்ஃப்ளார்தான். நரநரவென்று இருக்கும் மஞ்சள் மக்காச்சோள மாவு அல்ல, தொட்டால் கீச்சென்று அழுந்துகிற சுத்த வெள்ளைப் பொடி. அது ஏறக்குறைய முழுக்க ஸ்டார்ச்சே. மைதாவிலும் அரிசி மாவிலும் ஸ்டார்ச்சோடு புரதமும் இருக்கிறது. கஞ்சி மங்கலாகும், மைதாவில் பிசுக்கும் சேரும். ஜவ்வரிசியும் நன்றாக வேலை செய்யும். அதை ஊறவைத்து, மணி மணியாக எதுவும் மிஞ்சாமல் கரையக் காய்ச்சி, வடிகட்ட வேண்டும்.

ஒரு லிட்டர் கஞ்சிக்கு ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார், ஏறக்குறைய 8 முதல் 10 கிராம். அதைக் கால் தம்ளர் பச்சைத் தண்ணீரில் முதலில் கரையுங்கள். இந்தப் படியைத் தாண்டிவிட்டு உலர்ந்த மாவை நேராகக் கொதிநீரில் கொட்டினால், கட்டியின் வெளிப்புற மணிகள் மட்டும் உடனே வெந்து ஒரு தோலாகிவிடும். அந்தத் தோலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகாது. வெளியே கூழ், உள்ளே காய்ந்த மாவு. எவ்வளவு கிளறினாலும் அது இனி கரையாது.

மீதித் தண்ணீர் கொதிக்கும்போது தீயைக் குறைத்துவிட்டு, கரைத்ததை ஒரு முறை மறுபடி கலக்கி (அதற்குள் அடியில் படிந்திருக்கும்) மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே இன்னொரு கையால் கிளறுங்கள். இப்போது கரண்டியைக் கவனியுங்கள். முதல் சில விநாடிகள் வெறும் தண்ணீரில் சுற்றுவதுபோல இலேசாகச் சுற்றும். பிறகு கைக்குக் கொஞ்சம் கனம் தெரியும். பால்வெள்ளை மங்கி, நீலம் கலந்த சாம்பல் நிறமாகி, பாத்திரத்தின் அடி மங்கலாகத் தெரிய ஆரம்பிக்கும். கரண்டியைத் தூக்கினால் தண்ணீர்போலச் சொட்டாமல் சற்று இழுத்துக்கொண்டு விழும். இன்னும் இரண்டு மூன்று நிமிடம் கிளறிக்கொண்டே கொதிக்கவிட்டால் போதும். பச்சை மாவு வாடை போய்விட்டிருக்கும்.

இதை எவ்வளவு சொன்னாலும் தகும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் கஞ்சி போடுவதன் திறமை முழுவதும் இந்த நான்கைந்து நிமிடத்தில்தான் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக விறைத்து நிற்கும் பெரிய பட்டைகளை அணிந்தார்கள். 1564இல் ஃபிளாண்டர்ஸிலிருந்து லண்டனுக்குக் குடிவந்த டிங்ஹென் வான் டென் பிளாஸ் என்ற பெண் இந்தப் பட்டைகளுக்குக் கஞ்சி போடுவதையே தொழிலாக நடத்தி, மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். கஞ்சி போடக் கற்றுத்தர நாலைந்து பவுண்டு வாங்கினாராம். கஞ்சி காய்ச்சக் கற்றுத்தருவதற்குத் தனியாக 20 ஷில்லிங். காய்ச்சுவதைத் தனிப் பாடமாக அவர் வைத்திருந்ததை என்னால் முழுக்கப் புரிந்துகொள்ள முடிகிறது.

காய்ச்சியதை வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். முழுக்க ஆறிக் கிடக்கவிட்டால் சங்கிலிகள் துணிக்கு வருமுன் தங்களுக்குள்ளேயே பிடித்துக்கொண்டு, கஞ்சி கட்டியாகிவிடும். மறுநாளைக்கு எடுத்து வைப்பதும் நல்லதல்ல. சீக்கிரம் புளித்துவிடும், அந்த வாடை துணியில் ஏறினால் இஸ்திரிச் சூட்டில் இன்னும் தூக்கலாகத் தெரியும்.

அளவு பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு பருத்திச் சட்டை 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். முக்கிப் பிழிந்த பிறகு அது ஏறக்குறைய தன் எடை அளவுக்கு, அதாவது 200 மில்லி கஞ்சியைப் பிடித்து வைத்திருக்கும். லிட்டருக்கு 10 கிராம் என்றால் அந்தச் சட்டையில் தங்குவது வெறும் 2 கிராம் ஸ்டார்ச். அரைத் தேக்கரண்டியைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. தினமும் அணியும் சட்டைக்கு இதுவே போதும். நல்ல விறைப்பு வேண்டுமென்றால் இரண்டு மேசைக்கரண்டி, மேசை விரிப்பு போன்றவற்றுக்கு மூன்று. அதற்கு மேல் போனால் துணி அட்டைபோலாகி, மடிக்கிற இடத்திலெல்லாம் படலம் விரிசல் விடும்.

சட்டையில் விறைப்பு கட்டாயம் வேண்டிய இடம் கழுத்துப்பட்டையும் மணிக்கட்டுப் பட்டையும்தான். 1827இல் அமெரிக்காவின் டிராய் நகரில் ஹன்னா மான்டேக் என்பவர் தன் கணவரின் சட்டையிலிருந்து கழுத்துப்பட்டையை வெட்டி, தனியாகத் துவைத்துத் திரும்பப் பொருத்தும்படி செய்தார். அதிலிருந்து கழற்றி மாட்டும் கழுத்துப்பட்டை பெரிய தொழிலாகவே வளர்ந்தது. பட்டையை மட்டும் கெட்டியாகக் கஞ்சி போட்டு, உடம்புப் பகுதியை மென்மையாக விட்டுவிட அது வசதியாக இருந்தது. நாமும் அதைச் செய்யலாம். முழுச் சட்டையையும் நீர்த்த கஞ்சியில் முக்குங்கள், பட்டைகளுக்கு மட்டும் கெட்டிக் கஞ்சியைக் கையால் தடவித் தேயுங்கள்.

முக்குவதும் உலர்த்துவதும்

சலவைத்தூள் துளியும் இல்லாமல் அலசி, நன்றாகப் பிழிந்த ஈரத் துணியைத்தான் கஞ்சியில் முக்க வேண்டும். காய்ந்த துணியை முக்கினால் முதலில் தொட்ட இடம் கஞ்சியை அள்ளிக்கொள்ளும், மற்ற இடம் பட்டினி கிடக்கும். ஈரத் துணியில் சீராகப் பரவும். விறைப்பு அதிகம் வேண்டிய துணியை முதலில் முக்குங்கள். ஒவ்வொரு ஈரத்துணியும் தன்னிடமுள்ள தண்ணீரைக் கஞ்சியில் விட்டுவிட்டுப் போவதால், கடைசியில் வரும் துணிக்கு நீர்த்த கஞ்சிதான் கிடைக்கும். அதை இழப்பாக நினைக்காமல் வரிசையாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அடர்நிறத் துணியென்றால் உட்புறத்தை வெளியே திருப்பிவிடுங்கள். கஞ்சியையும் இன்னும் கொஞ்சம் நீர்க்க வையுங்கள். வெள்ளைத் துணிக்கு நீலம் போடுவதானால் அதைத் தண்ணீரில் கரைத்துக் கஞ்சியிலேயே கலந்துவிடலாம். உள்ளே அழுத்திக் கசக்கி, மூன்று நான்கு நிமிடம் ஊறவிட்டு, முறுக்காமல் பிழியுங்கள். முறுக்கினால் வரிவரியாகக் கஞ்சி ஏறும்.

கொடியில் போடுமுன் ஓங்கி இரண்டு உதறு உதறி, ஓரங்களைப் பிடித்து இழுத்து நேராக்குங்கள். இந்த அரை நிமிட வேலை இஸ்திரியில் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தும். காய்ந்த பிறகு துணி எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவில்தான் படலமும் உறைந்திருக்கும். மடிந்து தொங்கினால் மடிப்போடு, கிளிப் கடித்தால் அந்தக் கடியோடு.

இஸ்திரி

எலும்பாகக் காய்ந்த கஞ்சித் துணியை அப்படியே இஸ்திரி போடாதீர்கள், எவ்வளவு அழுத்தினாலும் சுருக்கம் போகாது. ஈரம் பட்டால்தான் படலம் இளகும், இளகினால்தான் நாம் சொன்ன வடிவத்துக்கு வரும். தண்ணீர் தெளித்து, இறுக்கமாகச் சுருட்டி, அரைமணி நேரம் மூடி வையுங்கள். பிரித்துத் தொட்டால் எங்கேயும் நனைந்த திட்டு இருக்கக் கூடாது, எல்லா இடமும் ஒரேமாதிரி குளுமையாக இருக்க வேண்டும். அதுதான் பதம். கொடியிலிருந்து முக்கால் காய்ச்சலிலேயே எடுத்துவிட்டால் தெளிக்கும் வேலையும் மிச்சம்.

சூடான பெட்டி மேலே போனதும் 'உஸ்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு ஆவி எழும். முதலில் துணி துவண்டு கொடுக்கும். அடுத்த இழுப்பில், ஈரம் போனதும், கைக்குக் கீழேயே விறைத்து மினுங்க ஆரம்பிக்கும். அந்த மாற்றத்தைப் பார்ப்பதற்காகவே எனக்கு இந்த வேலை பிடிக்கும். ஈரம் முழுக்கப் போகும்வரை தேய்க்க வேண்டும். பாதியில் விட்டால் திரும்பச் சுருங்கும். துணியில் தைத்திருக்கும் பராமரிப்புச் சீட்டில் இஸ்திரிப் பெட்டிப் படத்துக்குள் மூன்று புள்ளி என்றால் 200 டிகிரி வரை தாங்கும் என்று பொருள். ஆனாலும் பெட்டியை ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். துணிக்கு முன்னால் கஞ்சி கருகிப் பழுப்பேறும்.

பெட்டியில் ஒட்டுகிறதா? கஞ்சி சரியாக வேகவில்லை, அல்லது கெட்டி அதிகம், அல்லது துணியில் ஈரம் அதிகம். இந்த மூன்றில் ஒன்றுதான். பெட்டியின் அடியை ஆறவிட்டு ஈரத்துணியால் துடைத்தால் ஒட்டியது கரைந்து வந்துவிடும், சுரண்ட வேண்டாம். பழைய முறைகளில் கொதிக்கும் கஞ்சியில் துளி மெழுகைப் போடுவார்கள், பெட்டி வழுக்கிக்கொண்டு போகும். கஞ்சியை நீராவிப் பெட்டியின் தண்ணீர்த் தொட்டியில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், துளைகள் அடைந்துவிடும்.

வேகாத மாவை நான் இவ்வளவு குறை சொன்ன பிறகு இதையும் சொல்லியாக வேண்டும். பச்சை ஸ்டார்ச்சைத் தண்ணீரில் கலந்து முக்கி, காயவிடாமல் ஈரத்தோடேயே இஸ்திரி போடும் முறை ஒன்று உண்டு. மெல்லிய மணிகள் நூலுக்குள் புகுந்துகொள்ளும், பெட்டியின் சூடும் துணியின் ஈரமும் சேர்ந்து அங்கேயே அவற்றை வேகவைத்துவிடும். பலகைபோல் நிற்கும் கழுத்துப்பட்டைகளை இப்படித்தான் செய்தார்கள். என் கறுப்புச் சட்டையை அன்று வெயிலில் காயவிடாமல் ஈரத்தோடு தேய்த்திருந்தால் கொஞ்சமாவது விறைத்திருக்கும். ஆனால் இதற்குக் கைப்பழக்கம் வேண்டும், முதல் முயற்சிக்கு ஏற்றதல்ல.

அவசரத்துக்கு, காய்ச்சிய நீர்த்த கஞ்சியை வடிகட்டித் தெளிப்பான் புட்டியில் ஊற்றி, இஸ்திரி போடும்போது அடித்துக்கொள்ளலாம். அடித்ததும் பெட்டியை வைக்காமல் அரை நிமிடம் பொறுங்கள், நூல் குடிக்கட்டும். மேலாக நிற்கும்போதே தேய்த்தால் வெள்ளைச் செதில்கள் வரும்.

எடுத்து வைக்கும்போது

கஞ்சி என்பது உணவுதான், நமக்கு மட்டும் அல்ல. ஸ்டார்ச்சைத் தேடி வரும் சில்வர்ஃபிஷ் பூச்சி நூலையும் சேர்த்து அரிக்கும். ஈரக்காற்றில் பூஞ்சணம் பூக்கும், நாள்பட்டால் மடிப்பில் மஞ்சள் கோடு விழும், அந்த மடிப்பிலேயே நூலும் ஒடியும். அதனால் வாரக்கணக்கில் உடுத்தப் போவதில்லை என்றால் கஞ்சியை நீக்கிவிட்டு வையுங்கள்.

நாள்பட்ட கஞ்சி பச்சைத் தண்ணீரில் ஒரு அலசலில் போகாது. வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்துத் துவைக்க வேண்டும். பல சலவைத் தூள்களில் அமைலேஸ் என்ற நொதி சேர்த்திருப்பார்கள். நம் எச்சிலில் இருப்பதும் அமைலேஸ்தான், ஸ்டார்ச் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டுவது அதன் வேலை. போய்விட்டதா என்று சந்தேகமாக இருந்தால், கடைசியாக அலசிய தண்ணீரில் கொஞ்சத்தைக் கிண்ணத்தில் எடுத்து, காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தில் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமாக மாறினால் இன்னும் கஞ்சி இருக்கிறது. மருந்தின் பழுப்பு நிறமே நின்றால் துணியைக் காயவைத்து உள்ளே வைத்துவிடலாம். சொட்டைக் கிண்ணத்தில்தான் விட வேண்டும், துணியில் பட்டால் கறை.